உடைந்ததா, உடைத்ததா?

கார் சர்வீஸ் சென்டர்களில் ஒரு வாக்கியம் உண்டு. நாக்பூரில் "சார், வோ டூட் கயா" என்பார்கள். நம்ம ஊரில் "சார், அது உடைஞ்சிருச்சு". எந்த மொழியில் சொன்னாலும் கவனித்துப் பாருங்கள், அந்த வாக்கியத்துக்குள் ஆளே இருக்க மாட்டார். அது பாட்டுக்கு எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்ததாம், அது பாட்டுக்கு உடைந்துவிட்டதாம். ஸ்பேனர் பிடித்த கை எங்கே போச்சு?

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்தியபோது இது எதுக்குடா உதவப் போகுது என்று கடைசி பெஞ்சில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். உடைந்தது வேறு, உடைத்தது வேறு. இந்திக்காரனுக்கும் டூட்னா வேறு, தோட்னா வேறு. என் வண்டி விஷயத்தில் "ந்"துக்கும் "த்"துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 86,400 ரூபாய். ஜிஎஸ்டி தனி.

ஒன்பது வருஷ டீசல் வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கதை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், போர்டு மட்டும்தான் வேறு.

நாக்பூர் வெயில் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். டிசம்பர் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள், பல் தந்தியடிக்கும். அந்தக் குளிரில் டீசல் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகாது. அதற்காகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு க்ளோ ப்ளக் வைத்திருக்கிறான். பெட்ரோல் வண்டி ஸ்பார்க் ப்ளக்கின் ஒன்றுவிட்ட தம்பி. பொறி விடாது, சிவக்கக் காய்ந்து உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்கும், அவ்வளவுதான் வேலை. என் வண்டியில் நாலில் ஒன்று செத்துவிட்டது. புதுசு சுமார் ஆயிரம் ரூபாய். கழற்றி மாட்ட அரை மணி நேரம். காலையில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மூன்று மணிக்கு போன் வந்தது. வோ டூட் கயா.

ப்ளக் பாதியில் முறிந்து, மீதி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. எடுக்க முடியாதாம். சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டுமாம். ஹெட் மாற்றினால் கேஸ்கெட் புதுசு, ஹெட் போல்ட்டெல்லாம் புதுசு, கூலண்ட் புதுசு, கூலி தனி. ஆயிரம் ரூபாய் வேலைக்குப் போன வண்டிக்கு 86,400 எஸ்டிமேட். வாட்ஸ்அப்பில் அழகாக பிடிஎஃப் வேறு. கீழே "தயவுசெய்து ஒப்புதல் அளிக்கவும்" என்று பச்சை பட்டன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "யார் உடைத்தது?"

சர்வீஸ் அட்வைசர் தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை. நடிப்பில்லை, உண்மையாகவே புரியவில்லை. "பார்ட் பழசு சார், அதனால உடைஞ்சிருச்சு" என்றான். பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். டீசல் ஹெட்டில் க்ளோ ப்ளக் நுனியைச் சுற்றிக் கரி படிந்து, ப்ளக்கும் ஹெட்டும் ஒட்டிக்கொள்ளும். மரை பிடித்துக்கொள்ளும். இது டீசல் மெக்கானிக் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். நான் கேட்பதும் அதையே வைத்துத்தான். தெரிந்த விஷயம் என்றால் அதற்குத் தெரிந்த வைத்தியமும் இருக்குமே?

இருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் கழற்ற வேண்டும். இறுகியிருந்தால் துருப்பிடி விடும் எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். பிறகு டார்க் ரெஞ்ச் போட்டு, கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு வெளியே கொண்டுவர வேண்டும். எவ்வளவு விசை கொடுத்தால் முறியும் என்பதைக்கூட க்ளோ ப்ளக் தயாரிப்பாளர்கள் அச்சடித்தே கொடுக்கிறார்கள். 10 மில்லிமீட்டர் மரை என்றால் 35 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டர் என்றால் 20. அதற்கு மேல் போகாதே, நிறுத்து என்று அர்த்தம். காலையில் விட்ட வண்டி மூன்று மணிக்கு முறிந்துவிட்டது என்றால் ஒரு ராத்திரி ஊறியிருக்க வாய்ப்பே இல்லை. இதற்கு எஞ்சினியரிங் படிப்பெல்லாம் வேண்டாம், கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எனக்குத் தெரிந்தது பி.காம். அதில் மெர்க்கண்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. என்.டி. கபூர் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுத தலைமுறை நாங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 148-வது பிரிவு பெய்ல்மென்ட். ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. சலவைக்குக் கொடுத்த பட்டுப்புடவை, தைக்கக் கொடுத்த துணி, சர்வீசுக்கு விட்ட கார் எல்லாம் இதுதான். 151-வது பிரிவு, தன் சொந்தப் பொருளாக இருந்தால் சாதாரண புத்தியுள்ள ஒருவன் எவ்வளவு கவனம் எடுப்பானோ அவ்வளவு கவனம் எடு என்கிறது. 152-வது பிரிவு, அந்தக் கவனத்தை எடுத்திருந்தும் பொருள் கெட்டால் உன் மேல் பொறுப்பில்லை என்கிறது.

மெக்கானிக்குக்கும் நியாயம் செய்கிற சட்டம்தான், கவனியுங்கள். எண்ணெய் ஊற்றி, சூடாக்கி, பொறுமையாகத் திருகியும் முறிந்தால் அவன் மேல் தப்பில்லை. ஆனால் கவனம் எடுத்தேன் என்று காட்ட வேண்டியது யார்? பொருளைக் கையில் வைத்திருந்தவன். பானெட்டுக்குள் என்ன நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும், கஸ்டமர் லவுஞ்சில் ஓசி காபி குடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாது. அதனால் அவன்தான் சொல்ல வேண்டும். "டூட் கயா" என்பது அந்தப் பதில் ஆகாது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலை இழுக்காமல் இருக்க முடியவில்லை. நகைக் கடன் கொடுக்கிறோம். அடகு என்பதும் பெய்ல்மென்ட்தான், 172-வது பிரிவு. உங்கள் வீட்டம்மா வளையலை எங்களிடம் கொடுக்கும்போது எடை போடுகிறோம், உரசிப் பார்க்கிறோம், கல் எத்தனை, கண்ணி எங்கே தேய்ந்திருக்கிறது என்று எழுதுகிறோம், உங்கள் கண் முன்னால் பையில் போட்டு சீல் வைக்கிறோம். ஒரு வருஷம் கழித்து நீங்கள் மீட்க வரும்போது "அம்மா, வளையல் அறுந்திருச்சு, பழைய நகை பாருங்க, புது வளையல் செய்ய 86,000 ஆகும், இந்த பட்டனை அமுக்குங்க" என்று நான் சொன்னால் என்ன ஆகும்? கிளை வாசலில் தெருவே கூடிவிடும். கூட வேண்டும். அதே சட்டம், அதே புத்தகம், நாலு பக்கம் தள்ளி. காருக்கு மட்டும் ஏன் தலையை ஆட்டுகிறோம்?

வளையல் சும்மா உதாரணத்துக்கு வந்ததில்லை. போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் கிளைக்கே நகைக் கடனுக்கு வந்தார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பார்த்த முகம். எதுக்கு சார் அவசரம் என்றேன். அவர் வண்டிக்கும் "டூட் கயா"தான், ஒரு ஹெட் போல்ட் உள்ளே முறிந்துவிட்டதாம், எழுபதாயிரத்துக்குக் கிட்டே கட்ட வேண்டுமாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஸ்கூல் பீஸ் கட்டுகிற மாசம் வேறு. "நீங்க கேக்கலையா அண்ணே, யாரு முறிச்சதுன்னு?" என்றேன். "ஊரு விட்டு ஊரு வந்த எடத்துல எதுக்கு தம்பி வம்பு?" என்றார். அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்த "எதுக்கு வம்பு" மேல்தான் எனக்கு மெக்கானிக்கை விட அதிகக் கோபம்.

ஊரில் இருந்தால் நாம் இப்படி இருக்க மாட்டோம். அங்கே அப்பா காலத்து மெக்கானிக் இருப்பார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் "இதைத் தொட்டா முறியும் மாப்ளே, ஓட்டுற வரைக்கும் ஓட்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். முறித்தாலும் "நான்தாம்ல முறிச்சேன், விடு, எடுத்துத் தாரேன்" என்பார். அந்த நம்பிக்கையை வட இந்தியாவில் எங்கே போய்த் தேடுவது? அதனால் பெரிய போர்டு, ஏசி ஹால், டை கட்டிய பையன் இருக்கிற இடத்துக்குப் போகிறோம். நம்பிக்கைக்குப் பதிலாகப் பளபளப்பை வாங்கிக்கொள்கிறோம். இந்தி அரைகுறை. அவன் வேகமாகப் பேசினால் பாதி புரியாமல் "ஹாஞ்சி ஹாஞ்சி" என்கிறோம். அந்த ஹாஞ்சிக்கு மேல்தான் எஸ்டிமேட் போடுகிறார்கள்.

மறு பக்கமும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் மெக்கானிக் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்பேனர் பிடித்த பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று விரட்டினால் அவன் எங்கே ராத்திரி முழுக்க ஊற வைப்பான்? ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஒரே இழு. பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டு அதை அவன் சம்பளத்தில் பிடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. தொழிலில் உடைசல் வரும். அதற்கு ஒதுக்கீடு வைப்பதுதான் தொழில். எங்கள் பேங்க் வாராக்கடனுக்கு லாபத்திலிருந்து ஒதுக்கி வைப்பதில்லையா? நேர்மையாகக் கட்டுகிற அடுத்த கஸ்டமர் பில்லில் ஏற்றினால் விடுவார்களா? இவர்கள் ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று முழு ஹெட்டையும் வாங்கச் சொல்கிறார்கள்.

சரி, முழு ஹெட் மாற்றினால்தான் ஆகுமா? அதுவும் கிடையாது. முறிந்த க்ளோ ப்ளக்கை எடுப்பதற்கென்றே கருவி செட் விற்கிறார்கள். நடுவில் துளை போட்டு, நுனியைத் தனியாக இழுத்து, மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்கிற வேலை. உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். மரை கெட்டுப்போனால் ஸ்பிரிங் மாதிரி ஒரு செருகு மரை வைக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். இங்கே கராத் என்பார்கள். அப்படி ஒரு பட்டறை, ஒரு உஸ்தாத். அறுபது வயசிருக்கும். டோயிங் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் ஹெட்டையே இறக்கவில்லை. இரண்டு நாள் எண்ணெய் விட்டார், மூன்றாம் நாள் நாலு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை. எடுத்து என் கையில் வைத்தார். கூலி 4,000.

அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. முறிந்த இடம் பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கியிருக்கிறது. "ஜோர் லகாயா" என்றார் உஸ்தாத். பலத்தைப் போட்டிருக்கிறான். பாருங்கள், அவர் வாக்கியத்தில் ஆள் இருக்கிறான்.

ஏன் உஸ்தாத் மாதிரி ஆட்களிடம் நாம் நேராகப் போவதில்லை? வாரண்டி போய்விடும், ஒரிஜினல் பார்ட் கிடைக்காது என்ற பயம். இந்தப் பயத்தை வளர்த்தது யார் என்பது பதிவில் இருக்கிறது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் ஆரம்பித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பார்ட் சப்ளையர்கள் வெளிச்சந்தையில் நேரடியாக விற்க விடாமல் தடுத்தார்கள், வெளி கராஜ்களுக்கு ரிப்பேர் கையேடும் சோதனைக் கருவியும் கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டின் சாரம். வெளியே ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடாதே, பார்ட் விலையை வெப்சைட்டில் போடு என்றும் உத்தரவு. கம்பெனிகள் அப்பீல் போனார்கள், போவார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி அமைத்தது, அதே டிசம்பர் 24 அன்று அதற்கென ஒரு போர்ட்டலும் வந்தது. நல்லதுதான். ஆனால் போர்ட்டல் வந்து பைப் சொருகுவதை நிறுத்தாது. பில் கவுண்டரில் நிற்கிறவன் வாயைத் திறந்தால்தான் நிற்கும்.

என் விஷயத்தில் வாயைத் திறந்ததும் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் இல்லை என்று எழுத்தில் கொடுத்தேன், 151, 152 போட்டு. எஞ்சினைச் சூடாக்கினீர்களா, எண்ணெய் விட்டீர்களா, டார்க் ரெஞ்ச் போட்டீர்களா, முறியலாம் என்று முன்கூட்டி எனக்குச் சொன்னீர்களா என்று நாலு கேள்வி. பதில் வரவில்லை. பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் வந்தது. வேண்டாம் என்றேன். அப்புறம் ஜாப் கார்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பூச்சி பூச்சியாய் எழுத்து. ரிப்பேரின்போது ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை, கீழே என் கையெழுத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் அநியாய ஒப்பந்தம் என்றே 2(46) என ஒரு பிரிவு இருக்கிறது தம்பி, அதை மாநில ஆணையத்திலேயே கேட்கலாம் என்றேன். கடைசி அஸ்திரம், பில் கட்டாமல் வண்டி வெளியே போகாது, நாளுக்கு இவ்வளவு பார்க்கிங் சார்ஜ் என்றார்கள்.

அட, லியன் பற்றி பேங்க்காரனிடமா! 170-வது பிரிவுப்படி ரிப்பேர்க்காரருக்கு இருப்பது குறிப்பிட்ட லியன். அந்தப் பொருளில் செய்த வேலைக்கான கூலி வரும்வரை அதை நிறுத்தி வைக்கலாம். என்ன வேலை செய்தீர்கள் என்று பில் போடுங்கள், கட்டுகிறேன் என்றேன். "இன்ஸ்பெக்ஷன்" என்று 1,200 போட்டார்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லிலேயே எழுதி, யுபிஐயில் கட்டி, வண்டியை எடுத்தேன். ரொக்கம் கொடுக்காதீர்கள், தடம் இருக்க வேண்டும்.

பிறகு 1915-க்குப் போட்டேன். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழிலும் பேசலாம். ஒரு மாசத்தில் டீலரிடமிருந்து 1,200, டோயிங், உஸ்தாத் கூலி எல்லாம் என் அக்கவுண்ட்டுக்கு வந்தது. கூடவே ஒரு மெயில். "நல்லெண்ண அடிப்படையில்" தருகிறார்களாம். குட்வில்! பி.காம். படித்தவனுக்குக் குட்வில் என்றால் விலை கொடுத்து வாங்கினால் மட்டும் புத்தகத்தில் ஏற்றுகிற சொத்து. உள்ளுக்குள்ளேயே உற்பத்தி செய்துகொண்ட குட்வில்லை ஏற்றக் கூடாது என்பதுதான் அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டே :-) "நாங்கள் உடைத்தோம்" என்ற இரண்டு வார்த்தை அந்த மெயிலில் எங்கும் இல்லை. அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

ஹெல்ப்லைனில் முடியாவிட்டால் ஆணையம். டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களும் கம்பெனி மாறுகிறவர்களும் முக்கியமாக ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019 சட்டப்படி நீங்கள் இப்போது குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுக்கலாம். வண்டி முறிந்தது போபாலில், நீங்கள் இருப்பது புவனேஸ்வரில் என்றால் புவனேஸ்வரிலேயே. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. "மாற்றல் ஆகிவிட்டது, இனி எங்கே அலைவது" என்ற சாக்கு இனி செல்லாது. இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள், சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் வராது.

அந்தத் திருநெல்வேலி அண்ணாச்சி வண்டி ரிப்பேர் ஆகிப் பத்து மாசம்தான் ஆகிறது. கெடு இன்னும் இருக்கிறது. பில், எஸ்டிமேட், முறிந்த போல்ட் படம் எல்லாம் கேட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புகாரை நானே எழுதித் தருகிறேன் என்று. "வம்பாயிராதே தம்பி?" என்றார் மறுபடியும். அவர் சம்சாரம் போனை வாங்கி, "எத்தனை மணிக்கு வரணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பி.கு: உஸ்தாத் பட்டறை எங்கே என்று ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நேரில் கேளுங்கள், வழி சொல்கிறேன். டீசல் எஞ்சின் மட்டும்தான் தொடுவார். வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது. போகும்போது உடைந்த துண்டு எதுவாயிருந்தாலும் சர்வீஸ் சென்டரிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பார்.